மூன்றாம் எண் கம்ப்ரசர் நின்ற இரவு

பால்மாவு டப்பாக்களுக்கு மூடி போட்டுத் தள்ளும்
எங்கள் ஆலையில்
சனிக்கிழமை இரண்டு மணிக்கு
எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவோம்.
காற்று மட்டும் போகாது.

மூன்று கம்ப்ரசர்களும்
ஏழரை பார் அழுத்தத்தில்
ஆளில்லாத கூடத்துக்கு
ஊதிக்கொண்டே இருக்கும்
திங்கள் விடியும்வரை.

காசைக் கரியாக்குவது என்பார்கள்.
நாங்கள் காற்றாக்கினோம்.
கரியாவது கையில் ஒட்டும்.

மார்ச் மாதம் என்னிடம் ஒரு கருவியைக் கொடுத்தார்கள்.
காதுக்கு எட்டாத ஓசையைக்
காதுக்கு இறக்கித் தரும் கருவி.
ஏணியில் ஏறினேன், பெல்ட்டுக்கு அடியில் ஊர்ந்தேன்.
இணைப்புகளில், ரப்பர் குழாயின் மடிப்புகளில்,
என்றைக்கோ பிடுங்கி விற்ற இயந்திரத்தின்
மூடாமல் விட்ட கிளைக்குழாயில்,
எங்கே வைத்தாலும் சீறல்.
பதினோரு வருடம்
பாம்புப் புற்றுக்குள் வேலை பார்த்திருக்கிறேன்.

கசிந்த இடமெல்லாம் சிவப்புச் சீட்டு.
நூற்றுப் பதினேழு.
நாற்பத்து மூன்றாவதைக் கட்டப் போன இடத்தில்
பழந்துணி சுற்றிக் கம்பி முறுக்கி
யாரோ அவசரத்துக்குப் போட்ட கட்டு.
எந்தச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டே
முடிச்சைத் திருப்பிப் பார்த்தேன்.
என் முடிச்சு.

வில்மார் வேறு, காற்றுத் துப்பாக்கியைச்
சட்டைக் காலருக்குள் விட்டு ஊதிக்கொள்வான்.
"உருகுவேயிலேயே விலை கூடிய விசிறிடா அது" என்றேன்.
"எனக்கு அந்த யோக்கியதை இல்லையா, நிபியா?"
பதில் சொல்லத் தெரியவில்லை.
அவனுக்கு ஒரு மின்விசிறி வேண்டுமென்று எழுதிப் போட்டேன்.
வந்தது,
பல் கிட்டும் ஆகஸ்ட் குளிரில்.

செப்டம்பரில் வந்தன தானியங்கி வால்வுகள்.
வரிசைக்கு ஒரு வால்வு, வால்வுக்கு ஒரு கண்.
தொண்ணூறு விநாடி டப்பா வராவிட்டால்
கண் சொல்லும், வால்வு அடைக்கும்.
பத்து நிமிடத்துக்கொரு தரம்
தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ துப்பிய வடிகால்கள்
இனி நிறைந்தால் மட்டும் திறக்கும்.
மூன்று கம்ப்ரசர்களில் எது எழ வேண்டும்,
எது தூங்கலாம் என்பதை
சுவரிலிருக்கும் ஒரு சாம்பல் பெட்டி பார்த்துக்கொள்ளும்.

முதல் சனிக்கிழமை.
ஒன்று நின்றது. இரண்டு நின்றது.
நள்ளிரவு தாண்டி, கடைசிக் கசிவுக்கும்
கொஞ்சம் ஊட்டிவிட்டு
மூன்றாவதும் நின்றது.
நான் வீட்டில் நன்றாகத் தூங்கினேன்.

மூன்றரைக்குத் தொலைபேசி.
ரொட்டிக்கடை எல்பியா.
"மூடிட்டாங்களா?"
"எதை?"
"ஆலையை. சத்தத்தையே காணோமே."

எங்கள் ஊருக்கு அந்த வரிசை மனப்பாடம்.
கம்பளி ஆலைக்கும் இப்படித்தான்:
முதலில் சத்தம் போனது,
பிறகு பூட்டு வந்தது,
கடிதம் எல்லாவற்றுக்கும் பிறகு.
எல்பியா அதற்குள்
பாதி மாவுதான் பிசைந்திருந்தாள்.

எட்டு மணிக்கு வாயிலில் பதினாலு பேர்,
கக்கத்தில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே,
ஒருவரும் உறிஞ்சவில்லை.
சாவி என்னிடம் இருந்தது. உள்ளே கூட்டிப்போனேன்.
வால்வு, சென்சார், மிச்சம் என்று
என்னவோ சொல்லிப் பார்த்தேன்.
முகங்கள் அசையவில்லை.

கடைசியில் பெட்டியைத் தட்டி எழுப்பி
இரண்டாம் வரிசையின் கண்ணுக்கு எதிரே
என் கையை நீட்டினேன்.
டப்பா என்று நம்பிவிட்டது பாவம்.
வால்வு திறந்தது. குழாய் ஒரு தரம் உதறிக்கொண்டது.
பின்கட்டில் மூன்றாம் எண்
இருமி, உறுமி, எழுந்தது.

யாரோ சிரித்தார்கள்.
கையை எடுத்தேன்.
தொண்ணூறு விநாடி
பதினைந்து பேரும் அப்படியே நின்றோம்.
அடைத்துக்கொண்டது.

"ராத்திரிக்கு மட்டும்
ஒண்ணையாவது ஓடவிடக் கூடாதா?"
எல்பியாதான் கேட்டாள், மெதுவாக.
மின்கட்டணக் கணக்கு என் பையில் இருந்தது.
எடுக்கவில்லை.

அவள் மீதி மாவைப் பிசையப் போனாள்.
அந்த ஞாயிறு
ரொட்டி பத்தரைக்குத்தான் வந்தது.